காட்பாடி போகும் வண்டி

சென்னியப்பனின் மாடி அறையில் ஓடிய ரயிலில் ஜனங்கள் ஏற ஆரம்பித்தது ஒரு சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மொட்டைமாடியில் மோர்மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த கலாமணி, நாலு தடவை கூப்பிட்டும் புருஷன் பதில் சொல்லவில்லையே என்று அந்த அறைக்குள் எட்டிப் பார்த்தபோதுதான் என்பதில் பெருந்துறை ரோட்டு ஹவுசிங் யூனிட்டில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அதற்கு முந்தின நாள்வரைக்கும் அது வெறும் பொம்மை ரயில்தான்.

பொம்மை என்று யாராவது சொன்னால் சென்னியப்பனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பொம்மை என்றால் சாவி கொடுத்து விடுவது; இது நிஜ ரயிலை எண்பத்தேழு பங்காக்கி, அதில் ஒரு பங்கை எடுத்து, ஆணி பிசகாமல் செய்தது, இதைச் செய்வதற்கென்றே ஜெர்மனியில் கம்பெனிகள் இருக்கின்றன, வாங்கி ஓட்டுவதற்கென்றே உலகம் முழுக்க நரைத்த ஆண்கள் இருக்கிறார்கள், ஈரோட்டில் அவர் ஒருத்தர்தான் இருக்கிறார் என்றால் அது அவர் குற்றமா. தாலுகா ஆபீஸில் மனு வாங்கும் கவுண்டரில் உட்கார்ந்து, பொழுதெல்லாம் "மேல அனுப்பியிருக்குதுங்க, வந்துரும்" என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வீடு திரும்புகிற மனிதர், சட்டையைக்கூடக் கழற்றாமல் மாடியேறி, ஒரு குமிழை இந்தப் பக்கம் திருகினால் வண்டி கிளம்புகிறது, அந்தப் பக்கம் திருகினால் நிற்கிறது என்பதில் அடைகிற நிம்மதி என்னவென்று கலாமணிக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் அவள் திட்டினாளே தவிர ஒருநாளும் தடுக்கவில்லை.

அந்த நிம்மதியும் சும்மா கிடைத்துவிடவில்லை. தண்டவாளத்தில் தூசி படிந்தால் எஞ்சினுக்கு மின்சாரம் ஏறாது, திக்கித் திக்கி நிற்கும், ஆகவே பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, குழந்தைக்குக் காது துடைப்பதுபோல அத்தனை தண்டவாளத்தையும் தினமும் துடைக்க வேண்டும். மழைக்காலத்தில் பிளைவுட் பலகை உப்பும், உப்பினால் வளைவில் வண்டி கவிழும். செய்தித்தாளையும் மைதாப் பசையையும் வைத்து எழுப்பிய மலையை முதல் வருஷம் எலி தின்றுவிட்டது. போஸ்டர் ஒட்டுகிறவர்களிடம் போய்க் கேட்டு, பசையில் மயில்துத்தம் கலந்து மறுபடி எழுப்பினார். மலையைக் குடைந்து குகை செய்தால் அதில் பல்லி குடியேறியது. பாத்திரம் தேய்க்கும் நாரைப் பச்சைச் சாயத்தில் முக்கி மரங்கள் நட்டார், அன்றிலிருந்து கலாமணிக்குச் சமையலறையில் நார் தங்கியதில்லை. ஜெர்மனியிலிருந்து வந்த பிளாஸ்டிக் மனிதர்கள் ஓவர்கோட்டும் தொப்பியுமாக வந்திறங்கினார்கள். அவர்களைப் பிளேடால் சுரண்டி, ஒருவருக்கு வெள்ளை யூனிஃபார்ம் தீட்டி ஸ்டேஷன் மாஸ்டர் ஆக்கினார், இன்னொருவருக்கு மூக்குக்கண்ணாடி வரைந்து டிக்கெட் கவுண்டரில் ஒட்டினார், மிச்சமிருந்த ஒருவரை டீக்கடையில் நிறுத்தினார்.

அறை சின்னது, ஆகவே ஸ்டேஷன் ஒன்றுதான். அதற்கு ஈரோடு என்று மஞ்சள் பலகை. வண்டி ஈரோட்டில் கிளம்பி, வளைந்து, குகைக்குள் புகுந்து, மறுபக்கம் வெளிவந்து, மறுபடி ஈரோட்டுக்கே வந்து சேரும். இது அவருக்கே கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். ஒரு விடுமுறை நாளில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தூரிகையில் ஒற்றை முடியை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கத்தரித்து, நீலப் பெட்டி ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் 'ஈரோடு – காட்பாடி' என்று எழுதினார். வேறு ஊரை விட்டுக் காட்பாடியை எழுதியதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. எழுதுவதற்கு நன்றாக இருந்தது, அவ்வளவுதான். வாழ்க்கையில் அத்தனை அழகாக அவர் எதையும் எழுதியதில்லை. தப்பு நடந்தது அங்கேதான்.

கலாமணி எட்டிப் பார்த்தபோது பிளாட்பாரம் நிறைய ஜனம். புளியங்கொட்டை உயரத்தில் ஆண்களும் பெண்களும், ஒயர் கூடை, தலையணை, பிளாஸ்கு, தண்ணீர்க் கேன், நிறையப் பேர் கையில் பழுப்பு நிறத்தில் பெரிய எக்ஸ்ரே கவர். காட்பாடி வண்டிக்கு நிற்கிற கூட்டம் எங்கே போகிற கூட்டமென்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு இறங்குமிடம் அதுதான்.

"ஏனுங்க, இவங்கெல்லாம் எப்ப வந்தாங்க?" என்றாள் கலாமணி.

"இப்பத்தான். ஸ்பிரிட் எடுக்கத் திரும்புனேன், திரும்பிப் பாத்தா நிக்கறாங்க."

"வெயில்ல நிக்கறாங்க பாருங்க. அந்த ஜன்னலச் சாத்துங்க மொதல்ல."

இப்படியாக அந்த அதிசயம் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. சாயங்காலத்துக்குள் யூனிட் முழுக்கச் செய்தி பரவி, வாசலில் செருப்புகள் குவிந்தன. ஏ பிளாக் பெண்கள் அரிசிக் குருணையை ஊறவைத்துக் கொண்டுவந்தார்கள். இங்க் ஃபில்லரால் சொட்டுத் தண்ணீர் விட்டார்கள், முதல் சொட்டில் மூன்று பேர் நனைந்துபோகவே அடுத்ததைப் பாட்டில் மூடியில் விட்டார்கள். இவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று ஒருத்தர் கேட்டார், என்ன ஆளுங்க என்று இன்னொருத்தர் குரலைத் தணித்துக் கேட்டார், அந்தக் கேள்விக்குக் கலாமணி முறைத்த முறைப்பில் அவர் அப்புறம் மாடிக்கு வரவேயில்லை. குடியிருப்போர் சங்கம் அவசரக் கூட்டம் போட்டு, அறைக்குள் மின்விசிறி ஒன்றாம் நம்பருக்கு மேல் ஓடக் கூடாது, யாரும் தும்மக் கூடாது என்று தீர்மானம் போட்டது. யூனிட்டில் குடியிருந்த சூசைமாணிக்கம், கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர், பீரோவிலிருந்து தன் பழைய பச்சைக் கொடியை எடுத்துவந்து, வண்டி கிளம்பும்போதெல்லாம் சுவரோரமாக நின்று அசைத்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை, அவரும் யாரையும் கேட்கவில்லை.

அந்தச் சின்ன ஜனங்கள் மட்டும் ஒருதடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. ரயிலுக்குக் காத்திருக்கிறவன் எவன் ஆகாயத்தைப் பார்க்கிறான். அவர்கள் பார்த்ததெல்லாம் டிக்கெட் கவுண்டரில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் மனிதரைத்தான். அவர் முன்னால் வரிசை கட்டி நின்றார்கள், வாய் அசைந்தது, சத்தம் ஒன்றும் நம் காதுக்கு எட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லாமல், தலையை ஆட்டாமல், எங்கோ பார்த்துக்கொண்டிருந்த அவரைப் பார்த்து அவர்கள் ஆச்சரியப்படவுமில்லை. கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் அப்படித்தான் இருப்பார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, டிக்கெட் இல்லாமலே வண்டி ஏறினார்கள். சென்னியப்பன் இதைப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஆபீஸில் தன் கவுண்டருக்கு முன்னால் மஞ்சப்பையோடு வந்து நின்ற ஒரு பெரியவரை உட்காரச் சொல்லி, தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பெரியவர் குடித்துவிட்டு, "மனு என்னாச்சுங்க?" என்றார். "மேல அனுப்பியிருக்குதுங்க" என்பதற்குமேல் சொல்ல அவரிடம் அன்றைக்கும் எதுவும் இருக்கவில்லை.

வண்டி ஓடியது. ஏறினவர்கள் ஜன்னலோரம் இடம்பிடித்து, கூடையைக் காலுக்கடியில் தள்ளி, நார் மரங்களையும் மயில்துத்த மலையையும் வேடிக்கை பார்த்துக்கொண்டு போனார்கள். குகை வந்தது, போனது. ஸ்டேஷன் வந்தது. அவசர அவசரமாக மூட்டை முடிச்சோடு இறங்கினார்கள், பலகையைப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், மறுபடி ஏறினார்கள். முதல் நாள் சிரித்தார்கள்கூட. பிறகு சிரிப்பு நின்றது. ஒரு சிலர் பிளாஸ்டிக் ஸ்டேஷன் மாஸ்டரைச் சூழ்ந்துகொண்டு கை நீட்டிப் பேசினார்கள், ஒருவன் அவர் சட்டையைப் பிடித்தே உலுக்கினான். ஃபெவிக்விக் போட்டு ஒட்டியவர் ஆதலால் அவர் அசையவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்ணை எல்லோரும் கவனித்துவிட்டார்கள். மஞ்சள் சேலை, ஒரு தோளில் துண்டில் சுற்றிய கைக்குழந்தை, மறுகையில் எக்ஸ்ரே கவர். துணைக்கு யாரும் இல்லை. வண்டி நிற்கும்போதெல்லாம் குழந்தை வாயைத் திறந்து திறந்து அழுதது. அழுவது தெரிந்ததே தவிரக் கேட்கவில்லை, கேட்காததால்தான் பார்க்க முடியவில்லை. வண்டி ஓடும்போது தூங்கியது. சி பிளாக்கில் கிளினிக் வைத்திருந்த குழந்தை டாக்டர் செந்தாமரையைக் கலாமணியே போய்க் கூட்டிவந்தாள். டாக்டர் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் குனிந்திருந்தார்.

"மூச்சு வாங்குதுங்க. நெஞ்சு உள்ள போயிட்டுப் போயிட்டு வருது. ரத்தம் எடுக்கோணும், மருந்து ஏத்தோணும்," என்றார். "ஏத்தறதுக்கு என்கிட்ட இருக்கிற ஊசி அந்தப் புள்ள உசரத்துக்கு மேல இருக்குது. நான் என்னத்தப் பண்றது?"

இருந்தாலும் சும்மா போகவில்லை. ஒரு சொட்டுச் சிரப்பைக் குடம் தண்ணீரில் கரைத்து, பல்குச்சி நுனியில் தொட்டு, டீக்கடைப் பெஞ்சில் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் வைத்தார். அவள் அதைப் பார்த்தாள், நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். பெஞ்சில் கிடந்த மருந்தை எடுத்து எந்தத் தாய் குழந்தைக்குக் கொடுப்பாள். டாக்டர் பல்குச்சியைத் திரும்ப எடுத்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாமளே கூட்டிட்டுப் போயிரலாம்," என்றாள் கலாமணி. "டிபன் பாக்ஸ்ல பஞ்சு வெச்சு, நாளைக்குக் காலையில இன்டர்சிட்டியில ஏறுனா மத்தியானத்துக்குள்ள நிஜமான காட்பாடி."

இது ஏன் நமக்குத் தோன்றவில்லை என்று எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். சென்னியப்பன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, உள்ளங்கையைப் பிளாட்பாரத்தோடு சமமாக வைத்தார். அப்போது டிக்கெட் வரிசையில் நின்றுகொண்டிருந்த அந்தப் பெண் அதை மேட்டுநிலம் என்று நினைத்தாளோ என்னவோ, ஏறி நின்றாள். எறும்பு ஏறினதுபோல உள்ளங்கை குறுகுறுத்தது, குழந்தையின் சூடுகூடத் தெரிந்த மாதிரி இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினார். பிளைவுட் பலகையின் ஓரத்தைத் தாண்டியதும் உள்ளங்கை காலியாக இருந்தது. பதறிப்போய்த் தேடினால், அவள் பிளாட்பாரத்தில், டிக்கெட் கவுண்டர் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். முன்பு நாலாவதாக நின்றவள், இப்போது கடைசியில். இன்னும் ரெண்டு தடவை முயன்று பார்த்தார்கள், ரெண்டு தடவையும் அவளுக்கு வரிசையில் இடம் போனதுதான் மிச்சம்.

சரி, அவர்களைக் காட்பாடிக்குக் கொண்டுபோக முடியாவிட்டால் காட்பாடியை இங்கே கொண்டுவருவோம் என்று சங்கம் முடிவு செய்தது. யூனிட்டே வேலையில் இறங்கியது. தெர்மாகோல் வெட்டினார்கள், அட்டை மடித்தார்கள், மலைக்குப் பின்பக்கம் ஒரு சாண் இடத்தில் இன்னொரு பிளாட்பாரம் எழுந்தது, அதற்கு எதிரே சுவர் சுவராக ஒட்டி ஒரு ஆஸ்பத்திரி, மாடி மாடியாக ஜன்னல், வாசலில் சிவப்புச் சிலுவை. சென்னியப்பன் அதே ஒற்றை முடித் தூரிகையால் 'காட்பாடி' என்று மஞ்சள் பலகையில் எழுதினார். டீக்கடையில் நின்றிருந்த பிளாஸ்டிக் ஆளைப் பெயர்த்தெடுத்து, வெள்ளைக் கோட் தீட்டி, ஸ்டெதாஸ்கோப்புக்குக் கழுத்தில் கறுப்பு நூலைக் கட்டி, ஆஸ்பத்திரி வாசலுக்குள் டாக்டராக நிறுத்தினார்.

வண்டி புதுப் பிளாட்பாரத்தில் நின்றபோது அறையில் ஒருத்தரும் மூச்சுவிடவில்லை. பலகையைப் பார்த்ததும் பெட்டிக்குள் ஒரு பரபரப்பு எழுந்தது. இறங்கினார்கள், ஓடினார்கள், மஞ்சள் சேலைக்காரி எல்லோருக்கும் முன்னால் ஓடினாள். சூசைமாணிக்கம் கொடியால் முகத்தை மூடிக்கொண்டார். சங்கத் தலைவர் பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். சென்னியப்பன் மட்டும் ஆஸ்பத்திரி ஜன்னலுக்குள் குனிந்து பார்த்தார். இந்த வேலையில் எத்தனையோ வருஷம் ஊறினவர் அவர். வெளியே நாலு சுவரும் ஜன்னலும் இருந்தால் பார்க்கிறவனுக்கு அது கட்டடம். உள்ளே ஏதாவது செய்து வைக்க வேண்டும் என்று எந்த ரயில் பைத்தியக்காரனும் நினைத்ததில்லை, அவரும் நினைக்கவில்லை, அந்த நிமிஷம்வரை.

உள்ளே கட்டில் இல்லை, தரை இல்லை, மாடிப்படி இல்லை, பசை வழிந்த அட்டையின் பின்பக்கம்தான் இருந்தது. அவள் கறுப்பு நூல் கட்டிய டாக்டரிடம் எக்ஸ்ரே கவரை நீட்டினாள். நீட்டியபடி நின்றாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து வெளியே வந்த பிறகும் நின்றாள், விளக்கு வைக்கும் நேரம்வரை நின்றாள், கை வலித்ததும் கையை மாற்றிக்கொண்டாள். பிறகு வெளியே வந்து, பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருந்ததை மறுபடி ஒருதரம் படித்துவிட்டு, ஏறி உட்கார்ந்தாள். இது வேறு ஏதோ காட்பாடி போலிருக்கிறது, தான் போகவேண்டியது இன்னும் தள்ளி இருக்கிறது என்று அவள் முடிவு செய்துவிட்டாள் என்பது அந்த முகத்தைப் பார்த்த எல்லோருக்கும் புரிந்தது.

"பெட்டியில இருக்கற அந்த எழுத்த அழிச்சுப்போடுங்க," என்றாள் கலாமணி அழுகையோடு. "எறங்கியாச்சும் போவாங்க."

"எறங்கி எங்க போவாங்க கலா?" என்றார் சென்னியப்பன்.

அட்டைக் காட்பாடியைப் பெயர்த்தெடுத்தார்கள். அதன்பிறகு செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான், வண்டியை நிறுத்தாமல் ஓட்டுவது. ஓடினால் குழந்தை தூங்கியது. கரண்ட் போனாலும் ஓட வேண்டுமென்று ஏ பிளாக்காரர் ஒருவர் தன் வீட்டு இன்வெர்ட்டரைக் கழற்றிக் கொண்டுவந்தார். சென்னியப்பன் மெடிக்கல் லீவு போட்டார், கவுண்டரில் அவர் இல்லாதது யாருக்கும் தெரியவில்லை. யூனிட் அதற்கும் பழகிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் ஆள் இருக்கிற வீடுபோலப் பேச்சைத் தணித்துக்கொண்டார்கள், கல்யாண வீட்டார்கூட மைக்செட் வைக்கவில்லை, காலையில் பால் வாங்க வருகிறவர்கள் மாடியைப் பார்த்து, "எப்படி இருக்குதாம்?" என்று கேட்டார்கள், "தூங்குதாம்" என்று பதில் சொன்னார்கள்.

ஆனால் அந்த எஞ்சின்கள் வாரக்கடைசியில் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்து, துடைத்துப் பெட்டியில் வைப்பதற்காகச் செய்தவை. முதலாவது சூடேறி, கருகின வாசனை அடித்து நின்றது. இரண்டாவதைப் பூட்டினார், அதன் பல்சக்கரம் தேய்ந்து உடைந்தது. மூன்றாவதற்குத் துளித் துளியாக எண்ணெய் விட்டு, ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி ஒற்றி, கெஞ்சிக் கொஞ்சி ஓட்டினார். வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய மாற்று மோட்டார் வந்து சேரவில்லை. விசாரித்தால், மேலே அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள். அன்றைக்கே மூன்றாவதும் குகைக்குள் நின்றுபோனது.

சென்னியப்பன் எஞ்சினைக் கழற்றி எடுத்துவிட்டு, கடைசிப் பெட்டியின் முதுகில் சுட்டுவிரலை வைத்துத் தள்ள ஆரம்பித்தார். பலகையைச் சுற்றி நடந்தார், வளைவில் வேகத்தைக் குறைத்தார், குகைக்குக் குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி நடந்தார். அவர் கால் வீங்கியதும் கலாமணி தள்ளினாள். பிறகு டாக்டர், பிறகு சூசைமாணிக்கம், பிறகு யூனிட்டில் ஒவ்வொரு வீடாக முறை வைத்துக்கொண்டார்கள். கோயில் தேர் என்றால் நிலைக்கு வந்து சேரும். இது சேரவில்லை.

அப்படி ஒரு மத்தியானம், கரண்ட் போயிருந்த நேரம், முறை சென்னியப்பனுடையது. மின்விசிறி நின்றிருந்தது, கீழ்வீட்டு மிக்ஸி நின்றிருந்தது, ரோட்டில்கூட என்ன காரணத்தாலோ வண்டி இல்லை. குகைக்குள் தள்ளும்போது கன்னத்தைப் பலகையில் வைத்துப் படுத்தால்தான் விரல் எட்டும். அப்படிப் படுத்தபோது கடைசி ஜன்னல் அவர் காதுக்கு நேராக வந்தது. அப்போதுதான் முதன்முதலாக அவர்களுடைய சத்தம் அவருக்குக் கேட்டது. இருமல், கூடை நகர்கிற கிறீச், பிளாஸ்கு மூடி திறப்பது, அதற்கெல்லாம் நடுவில் கொசுவின் ரீங்காரத்தைவிட மெல்லிசாக ஒரு பெண் குரல்.

"சார். காட்பாடி எப்பங்க சார் வரும்?"

மேலே ஒரு ஆள் இருப்பது அவளுக்கு எப்போது தெரிந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒருவேளை முதலிலிருந்தே தெரிந்திருக்கலாம். காட்பாடி என்று ஒன்று இந்தப் பலகையில் இல்லை தாயே, எழுதப் பிடித்திருந்தது, எழுதிவிட்டேன், என்று சொல்லியிருக்க வேண்டும். மேல அனுப்பியிருக்குது என்ற வாக்கியம் பழக்கதோஷத்தில் நாக்கு நுனிவரை வந்தது, அதை விழுங்கினார்.

"அடுத்த ஸ்டேஷன்தாம்மா," என்றார், மூச்சுக்காற்றில் பெட்டி ஆடிவிடக் கூடாதென்று மெதுவாக. "இன்னும் கொஞ்ச தூரந்தான். கொழந்தைய எழுப்ப வேண்டாம். வந்ததும் நானே சொல்றேன்."

"மறந்துராம சொல்லிப்போடுங்க சார். நான் அசந்து தூங்கீட்டாலும் எழுப்பி உட்ருங்க."

"சரிம்மா."

குகை முடிந்து வெளிச்சம் வந்தது. வளைவைத் தாண்டினால் ஸ்டேஷன், பிளாட்பாரத்தின் முனையில் ஈரோடு என்று அவர் கையால் எழுதிய மஞ்சள் பலகை. சென்னியப்பன் வலதுகை விரலால் தள்ளிக்கொண்டே இடதுகையை நீட்டி, அந்தப் பலகையை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார். கடைசிப் பெட்டி கடந்து போகிறவரை கையை எடுக்கவில்லை.

கலாமணி கதவோரம் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் முறை வந்ததும் விரலைப் பெட்டியில் வைத்து நடந்தாள், ஸ்டேஷன் நெருங்கும்போது முந்தானை நுனியை எடுத்து மஞ்சள் பலகையின்மேல் போட்டாள்.